வீட்டு கேரேஜுக்கு வாங்கின டூ போஸ்ட் லிஃப்ட்: ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

வாங்கின மறுநாளே எழுதியிருந்தா அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போயிருப்பேன். இப்பவும் காரைத் தூக்குற இந்த லிஃப்டுக்கு அஞ்சுக்கு நாலரை தாராளமா தருவேன், ஆனா லிஃப்டை ஆர்டர் பண்ணிட்டா வேலை முடிஞ்சிடும்னு நினைச்சு இறங்குறவங்களுக்காக இந்த ரிவ்யூல பாதிக்கு மேல கேரேஜைப் பத்திதான் எழுதப்போறேன், ஏன்னா எனக்கு லிஃப்டை நிறுத்துனது ரெண்டு நாள் வேலை, கேரேஜை அதுக்குத் தயார் பண்ணினது நாலு மாசம்.

என்ன வாங்கினேன்னு முதல்ல சொல்லிடறேன். டூ போஸ்ட், அதாவது ரெண்டு தூணுக்கு நடுவுல காரை நிறுத்தி, தூண்லேர்ந்து நீட்டுற ஆர்ம்ல (கை மாதிரி சட்டம்) தூக்குற டைப், 4 டன் கெப்பாசிட்டி, ஃப்ளோர் பிளேட் டைப். ரெண்டு தூணையும் இணைக்கிற கேபிளும், ஆயில் போற ஹைட்ராலிக் ஹோஸும் தரையில ஒரு தகட்டுக்கு அடியில போகும். இன்னொரு டைப்ல இதெல்லாம் தலைக்கு மேல ஒரு குறுக்குச் சட்டத்துல போகும், தரை காலியா சுத்தமா இருக்கும், வேலை பாக்க அதுதான் சுகம், ஆனா அதுக்கு உயரம் 11, 12 அடி வேணும். ஃப்ளோர் பிளேட்னா 9, 9.5 அடியில முடிஞ்சிடும். எனக்கு வேற வழியில்ல, இதைத்தான் எடுத்தேன்.

பல வருஷமா ஜாக் ஸ்டாண்ட் போட்டு, அட்டையை விரிச்சு மல்லாக்கப் படுத்து, கண்ணுல துரு கொட்டக் கொட்ட வேலை பாத்தவன் நான். கியர்பாக்ஸை நெஞ்சு மேல வச்சு இறக்கினப்போ ஒரு தடவை கை நழுவி உயிர் போய் உயிர் வந்துச்சு, அன்னைக்கு முடிவு பண்ணினதுதான் இந்த லிஃப்ட்.

உயரத்துல நிறைய பேர் செய்ற தப்பு என்னன்னா, தூண் உள்ள நிக்குமான்னு மட்டும் பாக்கறாங்க, கார் மேல போக இடம் இருக்கான்னு பாக்கறதில்ல. என் கணக்கைச் சொல்றேன். கார் உயரம் 1.5 மீட்டர். அடியில நான் நிமிர்ந்து நிக்க 1.8 மீட்டர் வேணும். கூட்டினா 3.3 வருது, ஆனா இதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு, ஆர்ம் நுனியில இருக்கிற ரப்பர் பேட் காரைத் தொடுற இடம் கதவுக்குக் கீழ இருக்கிற விளிம்பு, அதுவே தரையிலேர்ந்து 20 செமீ மேலதான் இருக்கு, அதனால அதைக் கழிச்சா 3.1, மேல ஒரு சாண் இடைவெளி விட்டா 3.3. என் சீலிங் 2.9 மீட்டர். தூண் ஜம்முனு நிக்கும், ஆனா நான் நிமிர்ந்து நிக்கிற உயரத்துக்கு காரைத் தூக்குறதுக்குள்ள கூரை இடிச்சிடும். எஸ்யூவி வச்சிருக்கவங்க இன்னும் 30 செமீ சேத்துக்கோங்க, மேல கேரியர் மாட்டியிருந்தா அதையும்.

மேல கான்கிரீட் தளம் போட்ட கேரேஜா இருந்தா உயரத்தை ஒன்னும் பண்ண முடியாது, இருக்கிற உயரத்துக்குள்ள வர்ற லிஃப்டைத்தான் பாக்கணும். என்னுது சாய்வான மரக் கூரை, அதனால குறுக்க போற கட்டைகளை வெட்டி எடுத்துட்டா முகடு வரைக்கும் இடம் கிடைக்குமேன்னு நினைச்சேன். நல்லவேளை வெட்டறதுக்கு முன்னாடி ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்தேன். அவர் சொன்னப்புறம்தான் புரிஞ்சுது, அந்தக் குறுக்குக் கட்டை சீலிங் பலகையைத் தாங்க மட்டும் இல்ல, ரெண்டு பக்கச் சாய்வும் சுவரை வெளிய தள்ளிட்டே இருக்கு, அதைப் பிடிச்சு இழுத்து வச்சிருக்கிறதே அந்தக் கட்டைதான். அதை எடுத்துட்டா சுவர் கொஞ்சம் கொஞ்சமா வெளிய சாயும், முகடு இறங்கும். ஃபேக்டரியில முக்கோணமா கோத்து செஞ்சு வந்த ட்ரஸ் கூரைன்னா கேக்கவே வேண்டாம், அதுல ஒரு கட்டையைக்கூட தொடக்கூடாது. எனக்கு அவர் முகட்டுக்கு அடியில பெரிய உத்தரம் ஒன்னு கொடுத்து, அதுக்கு ரெண்டு பக்கமும் தாங்கு தூண் கொடுத்து, குறுக்குக் கட்டைகளை மேல ஏத்தி டிராயிங் போட்டுக் கொடுத்தாரு. இப்ப நடுவுல 3.5 மீட்டர் இருக்கு.

கூரை முடிஞ்சுதுன்னு பாத்தா அடுத்து கதவு. மடிஞ்சு மேல போற பேனல் கதவு, தொறந்தா சீலிங்குக்குக் கீழ படுத்துக்கும், சரியா கார் மேல வர்ற இடத்துல. அதுக்கு ஹை லிஃப்ட் ட்ராக்னு ஒன்னு இருக்கு, கதவு சுவரை ஒட்டியே மேல வரைக்கும் நேரா ஏறி அப்புறம்தான் வளையும். நடுவுல தொங்கிட்டு இருந்த மோட்டாரையும் எடுத்துட்டு கதவுக்கு மேல சுத்துற ஷாஃப்டோட ஓரத்துல சுவர்ல மாட்டுற மோட்டார் போட்டாங்க. ட்ராக்கை மாத்தினா கேபிள் சுத்துற ட்ரம்மையும் ஸ்ப்ரிங்கையும் சேத்து மாத்தணும், இல்லைன்னா கதவோட வெயிட் பேலன்ஸ் ஆகாது. இதை மட்டும் நீங்களே பண்ணாதீங்க, முறுக்கி வச்ச அந்த ஸ்ப்ரிங் நழுவினா கை போயிடும். எல்லாத்தையும் நானே பண்ற ஆளு, இதுக்கு ஆள் வச்சேன்.

இப்ப தரை. இதைத்தான் விரிவா சொல்லணும்.

லிஃப்ட் வித்த இடத்துலேர்ந்து வந்த ஃபிட்டர் ஷூ காலால தரையை ரெண்டு தட்டு தட்டிட்டு, "எல்லா கேரேஜும் நாலு இன்ச் இருக்கும் சார், கவலையே படாதீங்க, நாளைக்கே நிறுத்திடலாம்"னாரு. மேனுவல்ல குறைஞ்சது 4 இன்ச் தடிமன், 3000 பிஎஸ்ஐ பலமுள்ள கான்கிரீட்னு தெளிவா போட்டிருக்கு, அதாவது கிட்டத்தட்ட 20 மெகாபாஸ்கல். அளந்து பாக்காம எப்படி சொல்றீங்கன்னு கேட்டேன், அனுபவம்னாரு. எனக்கு மனசு கேக்கல, ஒரு வாரம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டேன்.

அன்னைக்கு சாயங்காலமே 10 மில்லி பிட் வச்சு அஞ்சு இடத்துல ஓட்டை போட்டேன். ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியோட நுனியை எல் மாதிரி கொஞ்சூண்டு வளைச்சு ஓட்டைக்குள்ள விட்டு, ஸ்லாபோட, அதாவது கான்கிரீட் தரையோட, அடிப்பக்கத்துல கொக்கியா மாட்டுற வரைக்கும் துழாவி, இழுத்துப் பிடிச்சுக்கிட்டு தரை மட்டத்துல மார்க்கரால கோடு போட்டு வெளிய எடுத்து ஸ்கேல் வச்சேன். வாசல் பக்கம் 4.5 இன்ச். நடுவுல 4. இடது தூண் நிக்க வேண்டிய இடத்துல 2.75. நம்பாம பக்கத்துல இன்னொரு ஓட்டை போட்டேன், அங்கயும் அதேதான். கம்பியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன், அந்த ஃபிட்டர் பேச்சைக் கேட்டிருந்தா அது மேல 2 டன் காரைத் தூக்கி அடியில நின்னிருப்பேன். இன்னொன்னு, ஓரத்துல அளந்து முடிவு பண்ணாதீங்க, ஓரம் பொதுவா தடிமனாத்தான் போட்டிருப்பாங்க.

தடிமன் ஏன் இவ்வளவு முக்கியம்னா, டூ போஸ்ட்ல வெயிட் தூணுக்கு நேர் கீழ இறங்கறதில்ல. ஆர்ம் உள்பக்கமா நீட்டிட்டு இருக்கு, கார் அதோட நுனியில உக்காந்திருக்கு, அதனால தூண் எப்பவும் உள்பக்கமா சாயப் பாக்கும். தண்ணி நிறைஞ்ச பக்கெட்டை முன்னாடி கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னு பாருங்க, குதிகால் தரையை விட்டு எழும்பப் பாக்கும் இல்லையா, அந்தக் குதிகாலை அழுத்திப் பிடிக்கிற வேலைதான் தூணைத் தரையோட பிடிச்சு வைக்கிற வெளிப்பக்க ஆங்கர் போல்டுக்கு. கான்கிரீட் மெல்லிசா இருந்தா போல்ட் உடையாது, போல்டைச் சுத்தி இருக்கிற கான்கிரீட்டே கூம்பு மாதிரி பேந்துக்கிட்டு வந்துடும்.

அதனால ரெண்டு தூண் இடத்துலயும் 4 அடிக்கு 4 அடி சதுரமா ஸ்லாபை வெட்டி, 12 இன்ச் ஆழம் தோண்டி, கம்பி வலை கட்டி, பழைய ஸ்லாபோட பக்கவாட்டுல டிரில் போட்டு எபாக்ஸி பசை வச்சு கம்பி சொருகி, புதுசா கான்கிரீட் போட்டோம். 28 நாள் ஆற விட்டோம். பத்து நாளிலேயே கல்லு மாதிரி ஆயிடுச்சு நிறுத்திடலாம்னு கூட இருந்தவங்க எல்லாம் சொன்னாங்க, நான் கேக்கல, ஆங்கர் போல்டுக்கு அந்த 28 நாள் பலம் வேணும். சில கேரேஜ்ல ஸ்லாபுக்குள்ள இழுத்து டென்ஷன் கொடுத்த கேபிள் போட்டிருப்பாங்க, போஸ்ட் டென்ஷன் ஸ்லாப்னு சொல்வாங்க, அந்த மாதிரி தரையில கேபிள் எங்க போகுதுன்னு ஸ்கேன் பண்ணாம டிரில்லை வைக்கவே கூடாது.

தூண் எங்க வரணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி சாக்பீஸால தரையில வரைஞ்சு, காரை உள்ள விட்டு, கதவைத் தொறந்து இறங்கிப் பாருங்க. நான் முதல்ல வரைஞ்ச இடத்துல டிரைவர் கதவு பாதிதான் தொறந்துச்சு, 20 செமீ பின்னாடி தள்ளினேன், சரியாப் போச்சு. இதை வெட்டறதுக்கு முன்னாடி பண்ணினதால தப்பிச்சேன்.

கரண்ட் விஷயம் சுருக்கமா: சிங்கிள் ஃபேஸ் 220 வோல்ட் மோட்டார், தனி லைன், மேனுவல்ல சொன்ன அளவு பிரேக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. லைட்டைப் பத்தி யாரும் எனக்கு முன்கூட்டி சொல்லல, கார் மேல ஏறினதும் சீலிங் லைட் எல்லாத்தையும் மறைச்சு அடியில கும்மிருட்டு ஆயிடும், அதனால எல்ஈடி ட்யூபை ரெண்டு பக்கச் சுவர்லயும் நெஞ்சு உயரத்துல மாட்டிட்டேன்.

லிஃப்ட் வந்த அன்னைக்கு லாரிக்காரர் வாசல்ல இறக்கி வச்சுட்டுப் போயிட்டாரு, மொத்தம் 700 கிலோ. எஞ்சின் தூக்குற கிரேன் இருந்ததால தூணை ஒவ்வொன்னா நிமித்தினோம். தரை வாசல் பக்கம் லேசா சரிவா இருக்கும் இல்லையா, அதனால ஸ்பிரிட் லெவல் வச்சு தூணுக்கு அடியில ஷிம் (மெல்லிசான தகடு) கொடுத்து செங்குத்தா ஆக்கினோம். ஆங்கர் ஓட்டை போட்டதும் உள்ள இருக்கிற தூளை வேக்குவம் வச்சு முழுசா எடுத்துடுங்க, தூள் இருந்தா போல்ட் பிடிக்காது. எவ்வளவு இறுக்கறோம்னு அளந்து காட்டுற டார்க் ரென்ச் இல்லாம இந்த வேலையில இறங்காதீங்க.

முதல் தடவை காரை ஏத்தினப்போ பட்டனை அழுத்தினதும் இடது தூண்ல கார் கீழ விழாம தாங்குற லாக் "டக்"னு விழற சத்தம், அரை செகண்ட் கழிச்சு வலது தூண்ல "டக்". அடுத்த படியிலயும் அதேதான். வெளிய பாத்தா கார் நேராத்தான் தெரிஞ்சுது. ஆனா ரெண்டு சத்தமும் ஒன்னா வரலைன்னா ரெண்டு பக்கத்தையும் சமமா தூக்குற ஈக்வலைசர் கேபிள்ல ஒன்னு தளர்ந்திருக்குன்னு அர்த்தம். காரை இறக்கிட்டு, கேபிள் நுனியில இருக்கிற நட்டை கால் சுத்து, கால் சுத்தா இறுக்கி, ஒவ்வொரு தடவையும் வெறும் லிஃப்டை ஏத்தி காது கொடுத்துக் கேட்டேன். ஏழாவது தடவையில ரெண்டும் சேந்து ஒரே "டக்". அந்தச் சத்தத்தைக் கேட்டப்புறம்தான் நெஞ்சு படபடப்பு அடங்குச்சு. இப்பவும் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் முதல்ல கேப்பேன்.

அப்புறம் ஒரு பழக்கம், கார் டயர் தரையை விட்டு கொஞ்சம் எழும்பினதும் நிறுத்தி, பம்பரைப் பிடிச்சு நல்லா ஆட்டிப் பாப்பேன், பேட் நாலும் ஜாக்கிங் பாயிண்ட்ல (காரைத் தூக்க கம்பெனி குறிச்சு வச்ச இடம்) சரியா உக்காந்திருக்கான்னு குனிஞ்சு பாப்பேன், அப்புறம்தான் மேல. வேணும்ங்கிற உயரம் வந்ததும் கொஞ்சம் கீழ இறக்கி வெயிட்டை லாக் மேல உக்கார வைக்கணும். ஆயில் பிரஷர்ல தொங்கிட்டு இருக்கிற காருக்கு அடியில போகவே கூடாது, ஒரு ஹோஸ் வெடிச்சா போதும். கியர்பாக்ஸ், எஞ்சின் மாதிரி கனமானதை இறக்கினா காரோட பேலன்ஸ் மாறிடும், அதனால முன்னாடியே பின்பக்கம் உயர ஸ்டாண்ட் கொடுத்துடுவேன்.

இப்ப லிஃப்டோட குறைகள். தரையில போற தகடு ஒன்றரை இன்ச் மேடா நிக்குது, ட்ராலி தள்ளிட்டுப் போனா ஒவ்வொரு தடவையும் முட்டிக்குது, ஒரு தடவை நட் போல்ட் தட்டு கவுந்து எல்லாம் சிதறிப்போச்சு. மேனுவல் படம் எல்லாம் மங்கலா ஜெராக்ஸ் எடுத்த மாதிரி, ஆயில் லைன்ல காத்து எடுக்கறதைப் பத்தி ரெண்டே வரி. ஒரு ஆங்கர் போல்ட் பெட்டி குறைவா வந்துச்சு, கேட்டு வாங்க மூணு வாரம் ஆச்சு, அத்தனை போன் போட வச்சிருக்கக்கூடாது. பேட் ரப்பர் ஒரு வருஷத்துலயே வெடிச்சிடுச்சு. மத்தபடி பம்ப், சிலிண்டர் ஒரு சொட்டு லீக் இல்ல, ஆர்ம் லாக் கச்சிதம், முன் ஆர்ம் மூணு கட்டமா நீளறதால சின்ன காருக்கும் பெரிய காருக்கும் எட்டுது.

வாங்கறதுக்கு முன்னாடி சர்டிஃபிகேட் பாருங்க. வட அமெரிக்காவுல ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிட்யூட் கொடுக்கிற ஏஎல்ஐ லேபிள், ஐரோப்பாவுல இஎன் 1493 ஸ்டாண்டர்ட். விக்கிறவர் வாயால சொன்னா போதாது, நீங்க வாங்கற அதே மாடல் நம்பருக்கு இருக்கான்னு பாருங்க.

ஃபோர் போஸ்ட் வாங்கலாமான்னு கேப்பீங்க. ஒரு கார் மேல ஒரு கார் நிறுத்த அதுதான் சரி, வெயிட் நாலு காலுக்கும் நேரா இறங்கும், தரைக்கு இவ்வளவு பாடு வராது. ஆனா டயர் மேலயே கார் நிக்கும், பிரேக், சஸ்பென்ஷன் வேலைக்கு நடுவுல தனி ஜாக் வேணும். உயரம் சுத்தமா இல்லாதவங்களுக்கு இடுப்பளவு தூக்குற சிசர் லிஃப்ட் இருக்கு, அதுல காருக்கு நடுப்பகுதி அடைஞ்சுடும், கியர்பாக்ஸ் இறக்கறது கஷ்டம். என் வேலைக்கு டூ போஸ்ட்தான், இன்னொரு தடவை வாங்கினாலும் இதையேதான் வாங்குவேன்.

போன மாசம் கிளட்ச் மாத்தினேன். நின்ன வாக்குலயே, கண்ணுக்கு நேரா கியர்பாக்ஸ் போல்ட், ஒரு காலத்துல ரெண்டு வார இறுதி எடுத்த வேலை, சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் ஓட்டிப் பாத்துட்டேன், முதுகு வலி இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆங்கர் போல்டுக்கு டார்க் ரென்ச் வச்சுப் பாக்கறேன், இதுவரைக்கும் ஒன்னுகூட தளரல. புது பேட் ரப்பர் ஆர்டர் போட்டிருக்கேன், அது எத்தனை நாள் தாங்குதுன்னு பாத்துட்டு இதுலயே சேத்து எழுதறேன்.