தீபாவளிப் பெட்டிக்கு எது: பிரிட்டிலா, காரமலா, சாக்லேட்டா?

பர்ஃபியும் முறுக்கும் எல்லார் வீட்டிலிருந்தும் வந்து குவியும். அதனால் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிற தீபாவளிப் பெட்டியில் ஒரு மூலையை மிட்டாய்க்கு ஒதுக்கிவிட்டேன். வேர்க்கடலை பிரிட்டில் (கடலைமிட்டாய் மாதிரி ஒன்று), கண்டென்ஸ்டு மில்க் காரமல், சாக்லேட்டில் தோய்த்த மக்கடேமியாக் கொட்டை என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாயிற்று. டர்பனில் ஜெயிப்பது ஒன்று, ஜோஹன்னஸ்பர்க்கில் ஜெயிப்பது வேறொன்று.

செலவு குறைவு என்றால் பிரிட்டில்தான். சர்க்கரை, கோல்டன் சிரப் (பொன்னிறச் சர்க்கரைப் பாகு), கொஞ்சம் வெண்ணெய், வறுத்துத் தோல் நீக்கிய கடலை. பாகு 150 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் அடுப்பை அணைத்து ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டால் புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு வரும். உள்ளே சிக்கிக்கொள்ளும் அந்தக் காற்றுக்குமிழ்களால்தான் பிரிட்டில் நம் கடலைமிட்டாய் மாதிரி பல்லைப் பதம் பார்ப்பதில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கடற்காற்று இதற்குப் பரம எதிரி. சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் டொக்கென்று உடைந்த துண்டைத் தட்டில் திறந்து வைத்தால் சாயங்காலம் விரலில் ஒட்டுகிறது. ஆறியவுடனே டப்பாவில் போட்டு இறுக்கி மூடினால் பிழைக்கும். பத்து வீட்டுக்குப் பெட்டி கட்டும் அமளியில் அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது?

காரமலுக்கு நான் எடுப்பது 385 கிராம் கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 100 கிராம், கோல்டன் சிரப் இரண்டு மேசைக்கரண்டி. சிரப்பை விடக்கூடாது, விட்டால் சர்க்கரை பூத்து மணல் மணலாகிவிடும். டின்னில் ரெடிமேடாக வரும் காரமலை வாங்கினால் போதாதா என்றால், போதாது. அதில் தண்ணீர் அதிகம். டார்ட்டுக்குள் ஊற்றலாம், துண்டு போட முடியாது. அடிகனமான பாத்திரம், சிறு தீ, விடாமல் கிளறும் கை. அடிபிடித்தால் கறுப்புத் துகள்கள் மேலே மிதந்து வரும், எதைச் செய்தாலும் மறையாது. ஒருமுறை பாதிக் கொதியில் மின்சாரம் போய், மின் அடுப்பில் இருந்தது பாத்திரத்தோடு இறுகிவிட்டது. அதிலிருந்து கேஸ் அடுப்புதான்.

எங்கள் வீட்டில் 118 டிகிரியில் இறக்கினால் மெத்தென்று வெட்டவரும். அதே அளவை எழுதி ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். மறுநாள் போன்: “அக்கா, இது காரமலா கல்லா?” தப்பு என்னுடையது. ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீரே 94 டிகிரிக்குப் பக்கத்தில் கொதித்துவிடும். பாகும் அதே கணக்கில் முன்கூட்டியே கெட்டிப்பட்டுவிடும். அவள் 112-லேயே இறக்கியிருக்க வேண்டும். இந்த வம்பே வேண்டாம் என்றால் அம்மா அதிரசப் பாகுக்குச் செய்ததைச் செய்யலாம்: கிண்ணத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பது. உருண்டை கலையாமல் நின்று, அழுத்தினால் அமுங்க வேண்டும். டர்பன், லெனேசியா இரண்டிலும் பதம் ஒன்றேதான்.

சாக்லேட் பார்ப்பதற்கு அழகு, அவ்வளவுதான் என் அபிப்பிராயம். அசல் டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு உருக்கி, 27-க்கு இறக்கி, மறுபடி 31-க்கு ஏற்றினால்தான் கொக்கோ வெண்ணெய் சரியாக உறைந்து பளபளப்பும் ‘டக்’கென்ற உடைசலும் வரும். இல்லாவிட்டால் மேலே வெள்ளை படரும். ஃப்ரிட்ஜில் வைத்து அவசரப்படுத்தினாலோ, வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். காம்பவுண்டு சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. உருக்கித் தோய்த்தால் முடிந்தது, ஆனால் நாக்கில் மெழுகு தடவின மாதிரி இருக்கும். மக்கடேமியா இந்த நாட்டிலேயே ஏராளமாக விளைகிறது, இருந்தும் விலை குறைந்தபாடில்லை. அதில் பாதிக்கு மேல் எண்ணெய் என்பதால் லேசாக வறுத்து, நன்றாக ஆறவிட்ட பிறகே தோய்க்க வேண்டும்.

ஆக, எங்கள் பெட்டியில் காரமல்தான், அதிலேயே மக்கடேமியாவைப் பொடியாக நறுக்கிப் போட்டு. எண்ணெய் தடவிய கத்தியால் வெட்டி, துண்டு துண்டாக பேக்கிங் பேப்பரில் சுற்றி முனையை முறுக்கிவிட்டால் ஈரமும் அண்டாது, பெட்டிக்குள் ஒன்றோடொன்று ஒட்டவும் செய்யாது. காற்று வறண்ட லெனேசியாவுக்குப் பிரிட்டில். தங்கை அதைத் தட்டில் திறந்தே வைக்கிறாளாம், மூன்று நாளானாலும் மொறுமொறுப்புக் குறைவதில்லையாம். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.