ஸ்டூமேக் ட்ரெட்நாட் கிட்: நெக் கோணத்தை மையமாக வைத்து ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள ஏதென்ஸ் நகரத்து ஸ்டூவர்ட்-மெக்டொனால்ட் நிறுவனம், கிதார் செய்பவர்களிடையே ஸ்டூமேக் என்ற பெயரில் நன்கு அறிமுகமானது. அது விற்கும் ட்ரெட்நாட் (அகன்ற உடல் கொண்ட) அக்கூஸ்டிக் கிதார் கிட்டை, அதாவது நாமே ஒட்டிப் பொருத்தும் உறுப்புத் தொகுப்பை, வாங்கிச் செய்து முடித்த பிறகு இதை எழுதுகிறேன். வளைத்துத் தரப்பட்ட பக்கப் பலகைகள், ஸ்ப்ரூஸ் மேற்பலகை, செதுக்கப்பட்ட மஹோகனி நெக் (கழுத்து) என எல்லா உறுப்புகளையும் பற்றி விரிவாகச் சொல்லலாம் என்றாலும், கையால் செய்யும் கிதார் வாசிக்கத் தக்கதா, சுவரில் மாட்டத் தக்கதா என்பது நெக்கை உடலோடு பொருத்தும் கோணத்தில்தான் முடிவாகிறது. அதனால் இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த ஒரு வேலையைப் பற்றியே பேசும்.

நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளின் மேல் ஒரு எஃகு மட்டக்கோலை வைத்து, மேற்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் வரை நீட்டினால், அது பிரிட்ஜின் மேல்விளிம்பை உரசியும் உரசாமலும் நிற்க வேண்டும். பிரிட்ஜ் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் தடிமனும், அதற்கு மேல் தந்திகள் அமரும் பட்டையான சாடில் 3 மில்லிமீட்டர் அளவும் இருக்கும்போது தந்திகள் மேற்பலகையிலிருந்து 12 முதல் 13 மில்லிமீட்டர் உயரத்தில் ஓடும். ஒலியும் விரலுக்கான எளிமையும் ஒத்துப்போகும் இடம் அதுவே. மட்டக்கோல் பிரிட்ஜின் முகத்தில் போய் இடித்தால் தந்தி உயரம் அதிகம் என்று பொருள். அதைச் சாடிலைத் தேய்த்துச் சரிசெய்வதற்கும் ஓர் எல்லை உண்டு, ஏனெனில் 12ஆம் ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் சாடிலில் 2 மில்லிமீட்டர் போயாக வேண்டும். நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருகிப் பார்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நெக்கின் வளைவை மாற்றுமே தவிரக் கோணத்தை மாற்றாது.

இந்தக் கிட், நெக்கைப் போல்ட்டால் முடுக்கும் இணைப்பாகவும், விரிந்த முனையைப் பள்ளத்தில் செருகிப் பசையால் ஒட்டும் டவ்டெயில் இணைப்பாகவும் கிடைக்கிறது. நான் வாங்கியது போல்ட் வகை. உடலோடு சேரும் நெக்கின் அடிப்பகுதியான ஹீலிலும் உடலின் முன்கட்டையிலும் இணைப்பு இயந்திரத்தில் வெட்டப்பட்டே வருகிறது. பெட்டியைப் பிரித்ததும் நெக்கைச் செருகிப் போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்துவிடும் என்று எதிர்பார்ப்பவருக்கு இங்கே ஏமாற்றம் உண்டு. ஆனால் அதைக் கிட்டின் குறையாக நான் எண்ணவில்லை. உடலை ஒட்டுபவர் நாம்தான்; நம் கையில் அந்தப் பெட்டி எந்த அளவுக்கு நேராகவும் மேற்பலகை எந்த அளவுக்கு மேடாகவும் அமையும் என்பது தொழிற்சாலைக்குத் தெரியாது. ஹீலில் சற்று மரத்தை மிச்சம் வைத்து, இறுதி இழைப்பை நம்மிடம் விடுவதே நேர்மையான ஏற்பாடு.

அந்த இழைப்பு, கணக்குப் போட்டுச் செய்தால் அச்சமூட்டும் வேலையன்று. 645 மில்லிமீட்டர் ஸ்கேல் (தந்தியின் அதிரும் நீளம்) உள்ள கிதாரில் உடல் சேரும் 14ஆம் ஃப்ரெட்டிலிருந்து சாடில் வரை சுமார் 287 மில்லிமீட்டர். ஹீலின் ஆழம் 90 மில்லிமீட்டர் என்று கொண்டால் இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. ஆகவே மட்டக்கோல் பிரிட்ஜருகே 1.5 மில்லிமீட்டர் உயர வேண்டுமானால், ஹீலின் அடிமுனையில் அரை மில்லிமீட்டர் மரம் போனால் போதும். மேல்முனையில், அதாவது ஃப்ரெட்டுகள் பதிந்த பலகையான ஃப்ரெட்போர்டின் பக்கத்தில், எதுவும் குறையக் கூடாது. உள்பகுதியை உளியால் சற்றுக் குடைந்துவிட்டால் ஹீலின் வெளிவிளிம்பில் ஒரு சிறிய பட்டை மட்டுமே உடலைத் தொடும். இழைக்க வேண்டிய மரமும் அவ்வளவே. பிறகு ஹீலுக்கும் உடலுக்கும் இடையில் உப்புத்தாள் பட்டையை, தேய்க்கும் முகம் ஹீலைப் பார்க்கும்படி வைத்து, நெக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டையை வெளியே இழுத்தால், உடலின் வளைவுக்கு ஏற்பவே ஹீல் தேய்ந்து வரும். உப்புத்தாளை இழுக்கும் எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் நெக் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். ஃப்ரெட்போர்டின் இரு விளிம்புகளையும் பிரிட்ஜ் வரை நீட்டிப் பார்த்து, நடுக்கோட்டிலிருந்து இரண்டும் சம தூரத்தில் விழுகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சோதிப்பது நல்லது.

கோணம் சரியாக அமைந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் நிறுத்தாமல், மட்டக்கோல் பிரிட்ஜுக்கு அரை மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி விட வேண்டும் என்பது என் பரிந்துரை. லைட் வகைத் தந்திகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையில் இழுக்கும்போது நெக் முன்னே வரும், பிரிட்ஜுக்குப் பின்னே மேற்பலகை சற்று உப்பும். அந்த அரை மில்லிமீட்டர் அதில் கரைந்துபோகும். சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் ஈரக்காற்று மரத்தை மேலும் உப்பவைப்பதால், உலர்ந்த அறையில் செய்து முடித்த கிதார் மழைக்காலத்தில் உயர்ந்த தந்தியோடு நிற்பதில் வியப்பில்லை.

இங்கேதான் போல்ட் இணைப்பின் அருமை தெரிகிறது. டவ்டெயில் நெக்கைக் கழற்ற 15ஆம் ஃப்ரெட்டை எடுத்து, அதன் பள்ளத்தில் துளையிட்டு, உள்ளே நீராவி செலுத்திப் பசையை இளக்க வேண்டும்; கைதேர்ந்தவருக்கே அது பதற்றமான வேலை. போல்ட் நெக்கில், மேற்பலகையோடு ஒட்டிய ஃப்ரெட்போர்டின் நாக்கை மட்டும் சூடாக்கி விடுவித்தால் போதும். டவ்டெயிலில் ஒலி கூடும் என்ற நம்பிக்கை கிதார்க்காரர்களிடம் வலுவாக இருக்கிறது. முதல் கிதார் செய்பவர் அதற்காக இந்த வசதியை விட்டுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கழற்றி மாட்டும் நெக் மலிவுச் சரக்கின் அடையாளமும் அன்று. வியன்னாவின் கிதார் செய்பவரான யோகான் கியோர்க் ஸ்டாஃபர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, ஹீலில் சாவியைச் செருகித் திருகினால் கோணம் மாறும் கிதார்களைச் செய்தார். 1833இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, மார்ட்டின் கிதார் நிறுவனத்தை நிறுவிய சி. எஃப். மார்ட்டினின் தொடக்கக் காலக் கிதார்களிலும் அந்தச் சாவி உண்டு. அமெரிக்கக் கிதார் நிறுவனமான டெய்லர் 1999இல் போல்ட்டும் மெல்லிய ஆப்புத் தகடுகளும் கொண்ட நெக்கைக் கொண்டுவந்தபோது, உண்மையில் அந்தப் பழைய தேவைக்கே புதிய விடையைத் தந்தது.

குறை என்று சொல்ல வேண்டுமானால் செலவைச் சொல்வேன். கிளாம்புகள், நல்ல உளி, பசை, பூச்சு ஆகியவை கிட்டில் அடங்கா; கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால், அந்தத் தொகைக்கு நம் ஊரில் வாசிக்கத் தக்க ஒரு கிதாரையே கடையில் வாங்கிவிடலாம். நேரான எஃகு மட்டக்கோல் ஒன்றையும், சிறு இடைவெளிகளை அளக்க வாகனப் பட்டறைகளில் புழங்கும் ஃபீலர் கேஜையும் கிட் வருமுன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இழைக்கும் வேலையில் பழக்கமுள்ளவர்கள் போல்ட் வகையைத் தயங்காமல் வாங்கலாம். உளியைப் பிடித்தே பழகாதவர்கள் முதலில் ஏதாவதொரு துண்டு மரத்தில் ஹீலின் வடிவத்தைச் செதுக்கி, உப்புத்தாள் இழுக்கும் பயிற்சியை அதில் முடித்துக்கொண்டு நெக்கைத் தொடட்டும்.