தமிழை வைத்தே ஜப்பானிய மொழி படிப்பது: சில வருட அனுபவம்

ஜப்பானிய மொழி படிக்க எந்த ஆப் நல்லது, எந்த வகுப்பு நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் என்பதுதான். வகுப்பிலும் சரி, இணையத்திலும் சரி, விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. தமிழ் தெரிந்தவருக்கு அது சுற்றுவழி. சில வருடங்களாக நான் ஒவ்வோர் இலக்கணப் பாடத்தையும் தமிழில் எழுதி வைத்துத்தான் படிக்கிறேன். எங்கே அது கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்று இங்கே எழுதுகிறேன்.

வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பது போலவே அடைமொழி முழுக்கப் பெயருக்கு முன்னால் நிற்பது எல்லாம் நமக்குச் சொல்லித்தர வேண்டாத விஷயங்கள். உண்மையான லாபம் ‘தெ’ வடிவம் என்று ஜப்பானிய மொழி படிப்பவர்கள் பயப்படும் பாடத்தில் இருக்கிறது. அது நம் வினையெச்சம். ‘தபெதெ’ என்றால் ‘சாப்பிட்டு’. அதோடு பார் என்னும் பொருளுள்ள ‘மிரு’வைச் சேர்த்தால் ‘சாப்பிட்டுப் பார்’. வை என்னும் பொருளுள்ள ‘ஒகு’வை வாங்குவதோடு சேர்த்தால் ‘கத்தெ ஒகு’, அதாவது ‘வாங்கி வை’. ‘தபெதெ ஷிமாவ்’ என்பது ‘சாப்பிட்டுவிடு’. ‘மொத்தெ குரு’ ‘கொண்டு வா’, ‘மொத்தெ இகு’ ‘கொண்டு போ’. ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனியாகப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறார்கள். நமக்கு ஒரு வரி போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ‘தெ இரு’. அந்த ‘இரு’ ஒலியிலும் பொருளிலும் நம் ‘இரு’ போலவே நிற்கிறது. இதை ‘நடந்துகொண்டிருக்கும் செயல்’ என்று மட்டும் ஆங்கில வழியில் படித்தவர்கள், ‘மதொ க அயிதெ இரு’ என்ற வாக்கியத்தைப் பார்த்ததும் ஜன்னல் இப்போது திறந்துகொண்டிருக்கிறதாக்கும் என்று நினைத்துக் குழம்புவார்கள். தமிழில் அப்படியே ‘ஜன்னல் திறந்திருக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள், குழப்பத்துக்கு இடமே இல்லை. ‘கல்யாணம் ஆகியிருக்கிறது’, ‘தெரிந்திருக்கிறது’ போன்றவையும் இதே அச்சில் வருபவை.

கொடுத்தல் வாங்கலும் அப்படித்தான். ஒருவர் எனக்குத் தருவது ‘குரெரு’, நான் இன்னொருவருக்குக் கொடுப்பது ‘அகெரு’. வெளிநாட்டு மாணவர்கள் தடுமாறும் பாடம் இது. தா என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடு என்பது படர்க்கைக்கும் உரியது என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதை நினைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முன்னிலையில் மட்டும் பொருத்தம் விலகும்: உங்களுக்கு நான் தருவதும் ஜப்பானிய மொழியில் ‘அகெரு’ பக்கம்தான். ஆனால் ‘ஒஷியெதெ குரெரு’ என்றதும் ‘சொல்லித் தருகிறார்’ என்று மனம் தானாகவே சொல்லும்.

சுட்டுச் சொற்களில் யாழ்ப்பாணத்தாருக்கு நம்மைவிட வசதி அதிகம். கொரெ, சொரெ, அரெ, தொரெ என்ற வரிசை இது, உது, அது, எது என்று அப்படியே அமைகிறது. கேட்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளுக்கு ஈழத்தில் இன்றும் ‘உது’ புழக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதை இழந்துவிட்டோம். அதனால் ‘சொரெ’ எப்போது, ‘அரெ’ எப்போது என்பதை நான் தனியாகப் பழக வேண்டியிருந்தது.

இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் பல காலம் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கொரிய மொழியும் துருக்கிய மொழியும்கூட இப்படி வினையைக் கடைசியில் வைப்பவைதான். உறவு பற்றிய வாதம் எப்படி முடிந்தாலும், படிக்கிறவருக்கு இந்த ஒற்றுமை பெரிய சொத்து.

உச்சரிப்புக்கு வருவோம். குறில் நெடில் தெரிந்தவருக்கு ‘ஒபசன்’ அத்தை, ‘ஒபாசன்’ பாட்டி என்ற வேறுபாடு காதில் தப்பாது. ‘கிதெ’ என்றால் வந்து, ‘கித்தெ’ என்றால் தபால்தலை. ஹைக்கூவில் 5-7-5 என்று எண்ணுவதும் ஏறக்குறைய நம் மாத்திரைக் கணக்கு போலத்தான். ஒரு வித்தியாசம்: நமக்கு ஒற்று அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை. ‘கித்தெ’ அங்கே மூன்று தட்டு. கையால் தாளம் போட்டுச் சொன்னால் இது சீக்கிரம் படியும். அகரவரிசைகூட அந்நியமாகத் தெரியாது. புத்த மதத்தோடு ஜப்பானுக்குப் போன சித்தம் என்ற இந்திய எழுத்து முறையின் தாக்கத்தால், அவர்களுடைய வரிசையும் க, ச, த, ந என்றுதான் ஓடுகிறது.

இனி கைவிட்ட இடங்கள். ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைப்பது தொடக்கத்துக்கு மட்டும்தான். ‘ககி’ என்று எழுதினால் அது சாவியா, சீமைப் பனிச்சைப் பழமா என்று கண்டுபிடிக்க முடியாது. ஜப்பானிய ஒலியெழுத்து வரிசைகள் இரண்டு: ஹிரகானா 46, கதகானா 46. இரண்டையும் முதலிலேயே முடித்துவிட வேண்டும். அடுத்தது எழுவாய். நாமும் எழுவாயை விடுகிறோம், ஆனால் போனேன், போனான் என்று நம் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுக்கும். அவர்களுடைய ‘இகிமாஷ்தா’ யார் போனது என்று சொல்லவே சொல்லாது. சூழலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் ஒட்டும் ‘வா’, ‘க’ என்ற இரண்டு உருபுகளுக்கும் உள்ள வேறுபாட்டுக்குத் தமிழில் சரியான ஜோடி கிடையாது. நிறைய வாசிப்பதைத் தவிர வழியில்லை.

காஞ்சி என்ற சீன எழுத்துகளுக்குத் தமிழும் உதவாது, ஆங்கிலமும் உதவாது. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள். ஒரே எழுத்துக்குப் பல ஒலிப்பு: ஞாயிற்றுக்கிழமைக்கான ‘நிச்சியோபி’ என்ற சொல்லில் சூரியனைக் குறிக்கும் எழுத்து தொடக்கத்தில் ‘நிச்சி’, முடிவில் ‘பி’. தனி எழுத்தாக உருப்போடாமல் சொல்லாகவே படிப்பதுதான் எனக்கு நின்றது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசமாகக் கிடைக்கும் அன்கி என்ற மனப்பாட அட்டைச் செயலியில் நானே தமிழில் அட்டைகள் செய்துகொண்டேன். பிறர் செய்த பெரிய தொகுப்புகளைவிட இவை மனதில் ஆழமாகத் தங்குகின்றன.

கலாசாரத்துக்கு என் வாசல் சுமோ. வருடத்துக்கு ஆறு போட்டிகள், ஒவ்வொன்றும் 15 நாள், ஒற்றைப்படை மாதங்களில் நடக்கும். களத்தைத் தூய்மைப்படுத்த மல்லர்கள் உப்பை அள்ளி வீசுவதும், தோக்கியோ அரங்கில் களத்துக்கு மேலே ஜப்பானின் ஷிந்தோ மதக் கோயில் வடிவக் கூரை தொங்குவதும் ஒரு பாடப் புத்தகத்தைவிட அதிகமாகச் சொல்கின்றன. கேட்கும் பயிற்சிக்கும் இது அருமை. மல்லர்கள் மல்லுக்கு நிற்கும்போது நடுவர் ‘நொகொத்தா, நொகொத்தா’ என்று கூவுவார்: இன்னும் களத்துக்குள்தான் நிற்கிறீர்கள் என்று பொருள். தள்ளு என்ற ‘ஒசு’வும் வெளியேற்று என்ற ‘தசு’வும் சேர்ந்தால் ‘ஒஷிதஷி’, வெற்றி பெறும் உத்திகளில் ஒன்றின் பெயர். இப்படிக் கூட்டுவினைகள் கண்ணெதிரே நடந்து காட்டப்படும்போது அகராதி தேவைப்படுவதில்லை.

வாசிப்புக்குத் தடோக்கு அமைப்பு இலவசமாகத் தரும் படிநிலைக் கதைகளைச் சொல்வேன். எளியதில் தொடங்கு, அகராதியைத் தொடாதே, புரியாததைத் தாண்டிப் போ, பிடிக்காவிட்டால் வேறு புத்தகம் எடு என்பவை அவர்களுடைய விதிகள். தேர்வு எழுத நினைத்தால், ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சென்னையிலும் மையம் உண்டு. தொடக்க நிலையான என்5-க்கு 180-க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19-ஆவது வேண்டும். பேச்சுத் தேர்வு கிடையாது. அதனால் வகுப்பில் சேர்வதாக இருந்தால், ஆசிரியர் வாய் திறந்து பேச வைக்கிறாரா என்று முதலில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.