சம்பளப் பாக்கியை எங்கே கேட்பது? கலிஃபோர்னியாவில் மூன்று வழிகள்

கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தவர் வராத சம்பளத்தை மூன்று இடங்களில் கேட்கலாம்: மத்தியத் தொழிலாளர் துறையின் ஊதிய நேரப் பிரிவு, மாநில லேபர் கமிஷனர் அலுவலகம், நீதிமன்றம். முதல் இரண்டிலும் கட்டணம் கிடையாது. மத்திய அரசு சொன்னால்தான் முதலாளி பயப்படுவார் என்று பலரும் முதலில் அங்கே போகிறார்கள். சம்பள விஷயத்தில் அது பெரும்பாலும் தப்புக் கணக்கு.

ஒரு ஓட்டல் சமையல்காரர் மணிக்கு 20 டாலருக்கு, தினம் 10 மணி நேரம், வாரம் 4 நாள் வேலை செய்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 40 மணி. மத்தியச் சட்டம் வாரத்துக்கு 40 மணியைத் தாண்டியதைத்தான் ஓவர்டைமாகப் பார்க்கும். ஆகவே அவருக்கு அங்கே ஒரு சென்ட்கூட பாக்கி இல்லை. மாநிலச் சட்டம் நாளையும் எண்ணும். ஒரு நாளில் 8 மணியைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு, 12 மணியைத் தாண்டினால் இரட்டிப்பு. 40 மணிக்கும் சாதாரண ரேட்டில் சம்பளம் கொடுத்திருந்தாலும், வாரம் 8 மணி நேரத்துக்கு, மணிக்கு 10 டாலர் வீதம் 80 டாலர் குறைகிறது. 50 வாரத்தில் 4,000 டாலர்.

அதோடு முடியவில்லை. ஐந்தாவது மணி முடிவதற்குள் 30 நிமிடச் சாப்பாட்டு இடைவேளை தராவிட்டால், அந்த நாளுக்கு ஒரு மணி நேரச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும். எடுக்காமல் சேர்ந்த சம்பள விடுமுறையும் சம்பளம்தான். வேலை போகும்போது காசாக வர வேண்டும். வேலையிலிருந்து நீக்கினால் கடைசிச் சம்பளம் அன்றே. சொல்லாமல் விலகினால் 72 மணி நேரத்துக்குள். வேண்டுமென்றே தாமதித்தால் நாளுக்கு ஒரு நாள் சம்பளம் வீதம் 30 நாள் வரை அபராதம். நாள் கூலி 200 டாலர் என்றே வைத்தாலும் அது 6,000 டாலர். மூலப் பாக்கியைவிட அதிகம். (பாக்கி உண்டா இல்லையா என்பதிலேயே நியாயமான தகராறு இருந்தது என்று முதலாளி நிரூபித்தால் இந்த அபராதம் விழாது.) மத்திய ஊதியச் சட்டத்தில் இந்த உரிமைகள் எதுவுமே இல்லை. குறைந்தபட்ச ஊதியம்கூட அங்கே 2009 முதல் 7.25 டாலர், கலிஃபோர்னியாவில் 2026-இல் 16.90.

மத்தியச் சட்டம் ஜெயிக்கும் ஓர் இடம் உண்டு. வாரம் 5 நாள், தினம் 10 மணி வேலை என்றால் இரண்டு சட்டத்திலும் ஓவர்டைம் 10 மணிதான். மத்தியச் சட்டம் அந்தப் பாக்கிக்குச் சமமான தொகையை இழப்பீடாகச் சேர்த்து இரட்டிப்பாக்கும். மாநிலம் குறைந்தபட்ச ஊதியப் பாக்கிக்கு மட்டும்தான் இரட்டிப்பாக்கும். ஆனால் 2025 ஜூனிலிருந்து ஊதிய நேரப் பிரிவு, வழக்குக்கு முந்தைய சமரசங்களில் இந்த இரட்டிப்பைக் கேட்பதில்லை. ஆகவே அது வேண்டுமென்றால் நீதிமன்றம்தான்.

அந்தப் பிரிவில் இரண்டு பொறிகள். ஒன்று, புகார் கொடுத்ததால் காலக்கெடு நிற்காது. வழக்குப் போட 2 ஆண்டு, தெரிந்தே செய்த மீறலுக்கு 3 ஆண்டு; அதிகாரி விசாரித்துக்கொண்டிருக்கும்போதே பழைய வாரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். இரண்டு, பணம் தரும்போது நீட்டும் டபிள்யூ.எச்.-58 படிவம். அதில் கையெழுத்திட்டுப் பணத்தை வாங்கினால், அந்தப் பாக்கிக்காக மத்தியச் சட்டத்தில் வழக்குப் போடும் உரிமை போய்விடும். அங்கே ஒரே பெரிய வசதி, புகார் கொடுத்தவர் பெயரை வெளியிட மாட்டார்கள். இன்னும் அதே வேலையில் இருப்பவருக்கு அது சின்ன விஷயமல்ல.

லேபர் கமிஷனரிடம் பெயர் மறையாது. முதலாளிக்கே நோட்டீஸ் போகும். படிவம் 1-ஐ நிரப்ப வேண்டும். நேரம் நாளுக்கு நாள் மாறினால் படிவம் 55-ம் சேர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் படிவத்திலேயே குறிக்கலாம். முதலில் சமரசக் கூட்டம். அதற்குத் தொழிலாளி வராவிட்டால் மனு தள்ளுபடி. தீராவிட்டால் விசாரணை, பிறகு தீர்ப்பு. முதலாளி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் தீர்ப்புத் தொகைக்கு ஈடாகப் பணமோ பத்திரமோ கட்டியாக வேண்டும். இந்த வழியின் உண்மையான பலம் அதுதான். பலவீனம், நேரம். சட்டம் மாதக் கணக்கில் கெடு வைத்திருக்கிறது. மாநிலத் தணிக்கையாளரின் 2024 அறிக்கைப்படி நடைமுறையில் இரண்டு ஆண்டுகளையும் தாண்டுகிறது. வீட்டு வாடகைக்கு இந்தப் பணத்தை நம்பிவிடாதீர்கள்.

நீதிமன்றத்தில், நியாயமற்ற வணிகப் போட்டியைத் தடுக்கும் மாநிலச் சட்டத்தின்படி 4 ஆண்டுப் பாக்கி வரை கேட்கலாம். கமிஷனரிடம் பொதுவாக 3 ஆண்டுதான். ஓவர்டைம் வழக்கில் ஜெயித்தால் வக்கீல் கட்டணமும் முதலாளி தலையில். பெரிய தொகை, அல்லது உங்களைப் போலவே பத்துப் பேர் என்றால் இங்கே வருவது சரி. இரண்டாயிரம் டாலருக்கு வக்கீல் கிடைப்பது கஷ்டம்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். பிராஜெக்ட் இல்லை என்று பெஞ்சில் உட்காரவைத்துச் சம்பளம் தராமல் இருப்பது எல்.சி.ஏ. (விசாவுக்காக முதலாளி தொழிலாளர் துறைக்குக் கொடுக்கும் சம்பள உறுதிமொழி) விதிமீறல், விசா மனுவுக்கான வக்கீல் கட்டணத்தைச் சம்பளத்தில் பிடிப்பதும் அப்படித்தான். இதற்கு ஊதிய நேரப் பிரிவின் டபிள்யூ.எச்.-4 படிவமே நேர் வழி. கெடு 12 மாதம். பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். வாய்வார்த்தையாக ‘வேலை முடிந்தது’ என்றால் போதாது. குடியேற்றத் துறைக்குத் தெரிவித்து, ஊர் திரும்பும் செலவையும் தர முன்வரும் வரை சம்பளப் பொறுப்பு ஓடிக்கொண்டிருக்கும். ஐ.டி. வேலைக்கு ஓவர்டைம் இல்லை என்பதும் பாதி உண்மை: கலிஃபோர்னியாவின் கணினித் தொழில் விலக்கு 2026-இல் ஆண்டுச் சம்பளம் 1,22,573 டாலரை எட்டியவருக்குத்தான். குறைவாக வாங்குபவரை வேறு விலக்கில் சேர்க்க முதலாளி முயல்வார். அங்கே பதவிப் பெயரல்ல, செய்யும் வேலையே கணக்கு.

புகார் கொடுத்த 90 நாளுக்குள் வேலையை விட்டு எடுத்தால், அது பழிவாங்கல் என்றே மாநிலச் சட்டம் முதலில் கருதும். இல்லை என்று காட்ட வேண்டியது முதலாளி. பழிவாங்கல் புகாருக்குக் கமிஷனரிடம் ஓராண்டு கெடு.

எந்த வழியானாலும் முதலில் சம்பளப் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள்: 21 நாளுக்குள் தராவிட்டால் 750 டாலர் அபராதம். முதலாளி நேரக் கணக்கே வைக்கவில்லை என்றாலும் கேஸ் விழாது. தொழிலாளியின் நியாயமான மதிப்பீடே போதும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-லேயே சொல்லிவிட்டது. ஆகவே உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் இன்றிலிருந்து உங்கள் சொந்த போனில் குறித்து வையுங்கள். கம்பெனி லேப்டாப்பில் அல்ல.