சிறு தொகையில் உலக நாணயங்கள்: எந்த ப்ரூஃப் செட், எந்தப் புழக்க நாணயம்?

மாதம் ஆயிரம் அல்லது இரண்டாயிரம் ரூபாய்க்குள் நவீன உலக நாணயங்களைச் சேர்க்க விரும்புகிறவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. நாணயச்சாலைகள் நடப்பு ஆண்டில் வெளியிடும் புதிய செட்டுகளை வாங்கலாம். பிரிட்டனும் அமெரிக்காவும் பல பத்தாண்டுகளுக்கு முன் வெளியிட்டு இன்று வியாபாரிகளிடம் கைமாறும் பழைய ப்ரூஃப் செட்டுகளை, அதாவது சேகரிப்பாளர்களுக்காகத் தனி மெருகோடு அடிக்கப்பட்ட நாணயத் தொகுப்புகளை, வாங்கலாம். 1970-களில் ஃபிராங்க்ளின் மின்ட் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனம் சிறு நாடுகளுக்காக அடித்துக் கொடுத்த செட்டுகளைத் தேடலாம். அல்லது செட் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, புழக்கத்துக்காக அடிக்கப்பட்ட நாணயங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கலாம். இவை நான்கும் ஒரே பணத்துக்குப் போட்டியிடுவதால், அந்தப் பணம் எதில் அதிகம் பேசும் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

புதிய செட்டுகளைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. நாணயச்சாலை கேட்கும் விலையில் பெட்டிக்கும், விளம்பரத்துக்கும், புதிது என்ற கவர்ச்சிக்கும் சேர்த்தே நாம் பணம் கொடுக்கிறோம். அமெரிக்காவின் 1980-கள், 1990-களின் சாதாரண ப்ரூஃப் செட்டுகள் பல இன்றும் அன்றைய வெளியீட்டு விலையை ஒட்டியோ அதற்குக் கீழேயோ கிடைக்கின்றன என்பதே இதற்குப் போதிய சான்று. காத்திருந்து வாங்குகிறவருக்குச் சந்தை பெரும்பாலும் சலுகை தருகிறது.

உண்மையான போட்டி பழைய செட்டுகளுக்கு இடையில்தான். ப்ரூஃப் நாணயம் என்பது மெருகேற்றிய வில்லையை மெருகேற்றிய அச்சுகளுக்கு இடையில் வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி அடிப்பது. பரப்பு கண்ணாடி போலவும், உருவம் நன்கு அடிக்கப்பட்ட நாணயங்களில் வெண்பனி படர்ந்தது போலவும் இருக்கும். இந்த வேலைத்திறனில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலைக்கும் பிரிட்டனின் ராயல் மின்ட்டுக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு சொல்ல முடியாது. வேறுபாடு உள்ளே இருக்கும் நாணயங்களில் இருக்கிறது.

அமெரிக்க ப்ரூஃப் செட்டுகள் 1968 முதல் சான் பிரான்சிஸ்கோவில், ‘எஸ்’ என்ற எழுத்துக் குறியோடு அடிக்கப்பட்டன. அந்த முதல் ஆண்டிலேயே முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட செட்டுகள் விற்றன. இவ்வளவு பெருகியதால்தான் விலை கைக்கு எட்டுகிறது. ஆனால் இதே காரணத்தால், ஆண்டு தவறாமல் வரிசையாக வாங்கி அடுக்குவது சிறு தொகைக்காரருக்கு ஏற்ற வழியல்ல என்றே நான் கருதுகிறேன். லிங்கன் சென்ட்டின் பின்புறம் 1959 முதல் 2008 வரை ஒரே நினைவு மண்டபம். ஜெஃபர்சன் ஐந்து சென்ட் 1938-இலும், ரூஸ்வெல்ட் பத்து சென்ட் 1946-இலும், கென்னடி அரை டாலர் 1964-இலும் தொடங்கியவை. 1982 முதல் 1998 வரையிலான சாதாரணச் செட்டுகளில் டாலர் நாணயமே கிடையாது. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆண்டைத் தவிர வேறெதுவும் மாறியதாகக் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே அமெரிக்கச் செட்டுகளில் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டும். 1968, 1969, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளின் செட்டுகளில் உள்ள கென்னடி அரை டாலரில் 40 விழுக்காடு வெள்ளி இருக்கிறது, 11.5 கிராம் எடையுள்ள நாணயத்தில் ஏறத்தாழ 4.6 கிராம். அதிலும் 1970 அரை டாலர் புழக்கத்துக்கு விடப்படாமல் செட்டுகளில் மட்டுமே வந்தது. அடுத்து, சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டையொட்டி 1776–1976 என்று இரட்டை ஆண்டு பொறித்து வந்த மூன்று நாணய வெள்ளிச் செட்டில் கால் டாலர், அரை டாலர், டாலர் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 16.7 கிராம் வெள்ளி இருக்கும். அதன் விலை வெள்ளியோடு ஏறி இறங்கும் என்பதால், வெள்ளி உச்சத்தில் இருக்கும்போது அதைத் துரத்தக் கூடாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பின்புறம் என்று கால் டாலர்கள் வரத் தொடங்கிய 1999-இன் சாதாரணச் செட்டில் ஐந்து வேறு பின்புறங்கள் கிடைக்கின்றன. இந்த மூன்று வகையும் கையில் இருந்தால் அமெரிக்கப் பகுதி நிறைந்துவிட்டதாகவே கொள்ளலாம்.

பிரிட்டிஷ் செட்டுகளுக்கு வரும்போது என் சாய்வை நான் மறைக்கப்போவதில்லை. 1970 என்று ஆண்டிட்ட ப்ரூஃப் செட், பவுண்டு–ஷில்லிங்–பென்ஸ் முறைக்கு ராயல் மின்ட் செய்த பிரியாவிடை. நம் நாட்டில் 1957-லேயே அணா போய் நயா பைசா வந்துவிட்டது. பிரிட்டன் 1971 பிப்ரவரி 15 அன்றுதான் தசம முறைக்கு மாறியது. அந்தச் செட்டின் எட்டு நாணயங்களில் அரைப் பென்னி 1969-இன் நடுவிலும், அரை கிரவுன் அந்த ஆண்டின் முடிவிலும் செல்லாதவையாகிவிட்டன. அதாவது 1970 என்று பொறித்த அரை கிரவுன் எந்தக் கடையிலும் சில்லறையாக மாறியதே இல்லை. சேகரிப்பாளருக்காக மட்டுமே அது பிறந்தது. செட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், அரைப் பென்னியில் பாய் விரித்த கப்பல், பன்னிரண்டு பக்கம் கொண்ட மூன்று பென்ஸில் கோட்டை வாயிலின் இரும்புக் கிராதி, அகன்ற பென்னியில் திரிசூலமும் கேடயமுமாக அமர்ந்த பிரிட்டானியா, பிரிட்டனின் உருவகப் பெண். ஷில்லிங் மட்டும் இரண்டு இருக்கும்: இங்கிலாந்துக்கு மூன்று சிங்கங்கள், ஸ்காட்லாந்துக்கு நின்றெழுந்த ஒற்றைச் சிங்கம். ஒரு முழுப் பண முறையின் கடைசி வடிவம் ஒரே பெட்டியில், எளிய விலையில் கிடைப்பது உலக நாணயங்களில் மிக அரிது.

அதைத் தொடர்ந்த தசமச் செட்டுகளும் வீணல்ல. இரண்டு பென்ஸ் நாணயம் 1972, 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் புழக்கத்துக்கு அடிக்கப்படவே இல்லை; அந்த ஆண்டுகள் பொறித்த நாணயம் வேண்டுமானால் ப்ரூஃப் செட்டைத்தான் நாட வேண்டும். 1973 செட்டில், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பிரிட்டன் சேர்ந்ததைக் குறிக்கும் ஐம்பது பென்ஸில் ஒன்பது கைகள் வட்டமாகக் கோத்திருக்கும். அமெரிக்கச் செட்டுகளை அடுக்கும்போது கிடைக்காத வரலாறு இந்தச் சில செட்டுகளில் கிடைக்கிறது.

ஃபிராங்க்ளின் மின்ட் செட்டுகள் முதல் பார்வையில் எல்லாவற்றையும் தோற்கடித்துவிடும். பறவைகள், மீன்கள், பெரிய வட்டங்கள், ஆழமான வேலைப்பாடு. கென்னடி அரை டாலரின் முகப்பைச் செதுக்கிய கில்ராய் ராபர்ட்ஸ் அரசுப் பணியை விட்டு இங்கேதான் சேர்ந்தார். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் 1973 பறவைச் செட் அவர் கைவண்ணம். ஆயினும் அந்தத் தீவுகளில் அன்றாடம் செலவாவது அமெரிக்க டாலர். நாணயம் அழகாக இருக்கிறது. ஆனால் அதை வைத்து ரொட்டி வாங்கியவர் இல்லை. இதற்கு நேர் எதிராக, 1975-இல் விடுதலை பெற்ற பப்புவா நியூ கினியின் செட்டைச் சொல்வேன். வண்ணத்துப்பூச்சி, ஆமை, காசோவரிப் பறவை, நடுவில் துளையிட்ட ஒரு கினா (அந்நாட்டுப் பணம்) நாணயத்தில் முதலைகள் என்று அதில் வரும் சிறு மதிப்பு நாணயங்களின் வடிவங்கள் மக்கள் கையில் உண்மையாகவே புழங்கியவை. வெள்ளியால் ஆன உயர் மதிப்பு நாணயங்களைத் தவிர்த்து, இப்படிப் புழக்கத்தோடு உறவுள்ள செட்டுகளை மட்டும் வாங்குவது பணத்துக்கு நியாயம் செய்யும்.

புழக்க நாணயங்களின் பலம் அவற்றின் பரந்த வகை. ஒரு ப்ரூஃப் செட்டின் விலையில், தபால் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால், பல நாடுகளின் புதுக் கருக்கு மாறாத நாணயங்கள் கிடைக்கும். மேலும், இங்கே மட்டும் பண்டமாற்று நடக்கிறது: 1995-இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வள்ளுவர் உருவத்தோடு வெளியான ரூபாய் நாணயங்களைப் போன்ற இந்திய நினைவு வெளியீடுகளை, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் விரும்பி மாற்றிக்கொள்வார்கள். 2004-இல் சோமாலியாவின் பெயரில் வந்த கித்தார் வடிவத் தகடுகளைப் போன்றவற்றைப் புழக்க நாணயம் என்று எண்ணி வாங்கிவிடாமல் இருந்தால் போதும்.

நிலையைப் பார்த்து வாங்குவதில் பழைய செட்டுகள் கூடுதல் கவனம் கேட்கின்றன. 1970 பிரிட்டிஷ் செட்டில் வெண்கலப் பென்னியும் அரைப் பென்னியும்தான் முதலில் புள்ளி விழுந்து கறுக்கும். விற்பவர் படம் அனுப்பினால் அந்த இரண்டையும் சாய்ந்த வெளிச்சத்தில், இருபுறமும் காட்டச் சொல்ல வேண்டும். பெட்டியைத் திறந்து நாணயத்தைத் துடைப்பது கூடவே கூடாது. கண்ணாடிப் பரப்பில் ஒரு துணி இழை விட்ட கீறலும் நிரந்தரம். தனி நாணயங்களை மென்மையான பிவிசி உறைகளில் இட்டால் நாளடைவில் பச்சைப் பசை படியும். மைலார் என்ற தெளிந்த பிளாஸ்டிக் படலத்தைச் சாளரமாக வைத்த அட்டைகளே போதுமானவை, மலிவானவையும்கூட.

வாங்கும் வரிசையை என்னிடம் கேட்டால், முதலில் 1970 பிரிட்டிஷ் செட், அதன் பிறகு 1968 முதல் 1970 வரையிலான அமெரிக்கச் செட்டுகளில் ஒன்று, வாய்ப்புக் கிடைக்கும்போது பப்புவா நியூ கினி. இவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களின் பணம் முழுவதும் புழக்க நாணயங்களுக்கு. வெளிநாட்டிலிருந்து தனித்தனியாக வரவழைத்தால் தபாலும் சுங்கமும் செட்டின் விலையைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், உள்நாட்டு வியாபாரியிடம் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் நேரில் பார்த்து வாங்குவதே இலாபம்.