லூஸ் அவுட், மிஸ் அவுட்: இழப்பைச் சொல்ல எந்த வினை?

எதிர்பார்த்த வேலை கிடைக்கவில்லை. பதவி உயர்வு வேறொருவருக்குப் போய்விட்டது. இதை ஆங்கிலத்தில் எழுத நேரும்போது நம்மில் பலருக்குக் கைக்கு வருவது ‘லாஸ்ட்’ என்ற ஒற்றைச் சொல்தான். தமிழில் ‘இழந்தேன்’ என்றால் எல்லா இழப்பும் அதில் அடங்கிவிடுகிறது அல்லவா? ஆங்கிலமோ இதற்கு லூஸ் அவுட், மிஸ் அவுட், பாஸ் ஓவர், ஃபால் பிஹைண்ட் என்று பல ஃபிரேசல் வெர்ப்களை, அதாவது வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து தனிப் பொருள் தரும் தொடர்களை, வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ‘வாய்ப்பை இழத்தல்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி மனப்பாடம் செய்வது போதாது. யாரால் இழந்தோம் என்ற கேள்விக்கு ஒவ்வொன்றும் வெவ்வேறு பதிலைச் சொல்கிறது.

இவற்றில் நான் முதலிடம் தருவது லூஸ் அவுட்டுக்கு. நமக்குக் கிடைக்காதது இன்னொருவருக்குக் கிடைத்தது என்ற செய்தி அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழில் ‘பறிகொடுத்தேன்’ என்பது இதற்கு மிக அருகில் வரும். 2012 ஒலிம்பிக்கை நடத்தப் பாரிஸும் லண்டனும் கடைசிச் சுற்றுவரை மோதின. 2005 ஜூலை 6 அன்று சிங்கப்பூரில் நடந்த வாக்கெடுப்பில் லண்டனுக்கு 54 வாக்குகள், பாரிஸுக்கு 50. ‘பாரிஸ் லாஸ்ட் அவுட் டு லண்டன்’ என்பது இதற்குக் கச்சிதமான வாக்கியம். தட்டிச் சென்றவரைச் சொல்ல ‘டு’ வரவேண்டும். கைவிட்டுப் போன பொருளைச் சொல்ல ‘ஆன்’ வரவேண்டும். ‘ஐ லாஸ்ட் அவுட் த ஜாப்’ என்று இடையில் ஒன்றுமில்லாமல் எழுதுவது பிழை. ‘லாஸ்ட் அவுட் ஆன் த ஜாப்’ என்பதே சரி.

நேருக்கு நேர் மோதித் தோற்ற ஆட்டத்துக்கு ‘அவுட்’ தேவையில்லை. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் தோற்றதற்கு ‘லாஸ்ட் டு ஆஸ்திரேலியா’ போதும். பரிசு, ஒப்பந்தம், இடம், பங்கு என்று ஒன்று பகிரப்படும்போது, நம் பங்கு வேறு பக்கம் போனால்தான் லூஸ் அவுட். எழுத்துப்பிழை ஒன்றும் இங்கே அடிக்கடி கண்ணில் படுகிறது. தமிழில் எழுதினால் ‘லூஸ்’ ஒன்றுதான். ஆங்கிலத்திலோ இழப்பதற்கு ஒரு ‘ஓ’, தளர்ந்திருப்பதற்கு இரண்டு ‘ஓ’. வேலைக்கான விண்ணப்பத்தில் இந்த ஓர் எழுத்து கூடினாலும் படிப்பவர் கண்ணை உறுத்தும்.

மிஸ் அவுட்டில் எதிராளி இல்லை. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போனது, அவ்வளவுதான். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடிகளில் ஓடி நான்காவதாக வந்தார். வெண்கலம் வென்ற ருமேனியாவின் கோஜோகாருவின் நேரம் 55.41. ‘மிஸ்ட் அவுட் ஆன் எ மெடல்’ என்றால் அந்த நூற்றில் ஒரு பங்கு விநாடிதான் கண்முன் நிற்கிறது. ‘லாஸ்ட் அவுட் டு கோஜோகாரு’ என்றால் அந்தப் போட்டியாளர் நிற்கிறார். இலக்கணப்படி இரண்டும் சரி. உஷாவின் ஓட்டத்துக்கு நான் முதலாவதைத்தான் எழுதுவேன். அந்த மயிரிழைதானே இன்றும் பேசப்படுகிறது?

இந்த வினையில் ஒரு குழி உண்டு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஆன்’ இல்லாமல் ‘மிஸ் அவுட் எ வேர்ட்’ என்றால் ஒரு சொல்லை விட்டுவிடுவது என்று பொருள். அமெரிக்கர்கள் அதற்கு ‘லீவ் அவுட்’ என்பார்கள். பஸ்ஸையோ ரயிலையோ தவறவிட்டதற்கு வெறும் ‘மிஸ்ட்’தான், அங்கே அவுட்டும் வேண்டாம், ஆனும் வேண்டாம்.

பாஸ் ஓவர் பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே வரும்: ‘ஷி வாஸ் பாஸ்ட் ஓவர்’. தகுதி இருந்தும், முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் ஓரங்கட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு அதில் ஒலிக்கிறது. ஜோஸ்லின் பெல் பர்னெல் 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்தபோது பல்சர்கள் என்னும் துடிக்கும் விண்மீன்களைக் கண்டறிந்தார். 1974-இல் இயற்பியல் நோபல் அவருடைய ஆய்வு நெறியாளர் ஆன்டனி ஹியூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போயிற்று. அதில் தமக்கு வருத்தமில்லை என்று பெல் பர்னெல் சொல்லியிருக்கிறார். ஆகவே ‘பாஸ்ட் ஓவர்’ என்று எழுதினால் அது எழுதுபவரின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு சரியென்றே நானும் நினைக்கிறேன். ஆனால் காரணம் தெரியாமல் யார்மீதும் இந்த வினையை ஏவக் கூடாது.

ஃபால் பிஹைண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்தங்குவது; ஓட்டம் இன்னும் முடியவில்லை, எட்டிப் பிடிக்கலாம்.

தனிமனிதர்களை விட்டு ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றி எழுதும்போதுதான் இந்தத் தேர்வு உண்மையிலேயே கனக்கிறது. மேட்டூர் அணையைத் திறப்பதற்கான வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் கல்லணை வந்து, ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து, கடைசியில்தான் நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடைக்குப் போக வேண்டும். தலைமடை வயல்கள் நிரம்பி, கடைமடை நாற்றங்கால் வெடித்துக் கிடக்கும் ஆண்டில் ‘டெயில் எண்ட் ஃபார்மர்ஸ் மிஸ் அவுட்’ என்று எழுதினால், மழை பெய்யாததைப் போல அது யார் பொறுப்பும் இல்லாத நிகழ்வாகிவிடுகிறது. ‘லூஸ் அவுட்’ என்று எழுதினால், அப்படியானால் தண்ணீர் எங்கே போயிற்று, வாய்க்கால் ஏன் தூர்வாரப்படவில்லை என்று வாசகர் கேட்பார். அவர் கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம். 2024-இல் போதிய நீர் இல்லாததால் ஜூன் 12 அன்று அணையே திறக்கப்படவில்லை. தலைமடையும் கடைமடையும் சேர்ந்தே காத்திருந்தன. அந்த நாளில் கடைமடை ‘லாஸ்ட் அவுட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பொய்.

இதே குறையை ஆட்சியருக்கு ஆங்கில மனுவாக எழுதுகிறீர்கள் என்றால் இந்த வினைகள் எதுவும் வேண்டாம். செய்திக்கும் கட்டுரைக்கும் அவை பொருந்தும். மனுவுக்குப் பேச்சுவாடை தூக்கலாகிவிடும். அங்கே ‘டிப்ரைவ்ட் ஆஃப் அவர் ஷேர்’ (எங்கள் பங்கு மறுக்கப்பட்டது) என்று எழுதுங்கள். எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால், எந்த நாளிலிருந்து தண்ணீர் வரவில்லை என்பதை அடுத்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.