பரணில் சர்வர்: எக்ஸாஸ்ட் ஃபேனா, ஏசியா?

வீட்டுப் பரணில் சர்வர் (மற்ற கம்ப்யூட்டர்களுக்குச் சேவை தரும், நிற்காமல் ஓடும் கம்ப்யூட்டர்) வைத்தால் சூட்டைச் சமாளிக்க வேண்டும். கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. 300 வாட் சர்வர் என்பது 300 வாட் ஹீட்டர்தான். கோடையில் கூரையடிப் பரண் தானாகவே 50 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். பெரும்பாலான சர்வர்களுக்கோ உள்ளே போகும் காற்று 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மலிவு, ரிப்பேரும் குறைவு. ஆனால் அது குளிரவைக்காது, காற்றை மாற்றும், அவ்வளவுதான். பரண் காற்றையே உறிஞ்சி ஊதினால் பயனில்லை. கீழே உள்ள அறையிலிருந்து குழாய் வழியே காற்றை இழுத்து, ஃபில்டரில் தூசியை வடிகட்டி, சூட்டை வீட்டுக்கு வெளியே தள்ள வேண்டும். அப்போதும் கீழறையைவிடக் குளிர்ச்சி கிடைக்காது.

ஏசி நிஜமாகவே குளிரவைக்கும். சரி, ஆனால் சர்வரைச் சுற்றி வெப்பத்தடுப்புப் பலகை அடித்துச் சின்ன அறையாக்காவிட்டால் கூரையைத்தான் குளிரவைத்துக்கொண்டிருப்பீர்கள். அப்புறம், வடியும் தண்ணீருக்குத் தனிக் குழாய் வேண்டும். அது அடைத்துக்கொண்டால் கீழே கூரைப்பலகை ஊறிவிடும்.

ஒன்றிரண்டு கம்ப்யூட்டர் என்றால் என் ஓட்டு ஃபேனுக்கே. நாலைந்தைத் தாண்டினால் ஏசி. எதுவானாலும் ஒருநாள் நின்றுபோகும். அப்போது சூடு ஏறினால் சர்வரைத் தானாக அணைக்கும் ஏற்பாடும், ஒரு தீ எச்சரிக்கை அலாரமும் கட்டாயம் இருக்கட்டும்.